பூட்டுப் போடாத அறிவு

ஆலைப் புகைபோக்கியின் உச்சியிலே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும் உயரத்திலே, ஈட்டி போல ஒரு கம்பி நீட்டிக் கொண்டிருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா தோழர்களே! அந்தக் கம்பியின் அடியிலே தொடங்கும் உலோகப் பட்டை, சுவரோரமாக இறங்கி, ஈர மண்ணுக்குள்ளே போய் மறைகிறது. இடி விழுந்தால் கம்பியிலே விழும், பட்டை வழியே ஓடும், மண்ணிலே மடியும். கீழே எந்திரத்தோடு மல்லாடிக் கொண்டிருக்கும் தொழிலாளிக்கு, தலைக்கு மேலே சாவு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது தெரியக்கூடத் தெரியாது. இடிதாங்கி என்று அதற்குப் பெயர். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு உலகத்திலே எந்த ஆலை முதலாளியும் உரிமைப் பணம் என்று ஒரு காசு கொடுத்ததில்லை. அவர் கேட்கவே இல்லை, அதனால் கொடுக்கவில்லை!

அவர் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்க விடுதலைச் சாசனத்திலே கையொப்பமிட்டவர், பிரெஞ்சு நாட்டிலே தூதராக வீற்றிருந்தவர், நூறு டாலர் நோட்டிலே முகம் பதிக்கப்பட்டவர் என்றெல்லாம் பள்ளிப் பாடநூல்கள் பேசும். பேசட்டும். நாம் இங்கே காண விரும்புவது வேறொரு பிராங்க்ளினை. தனக்குத் தோன்றிய கருத்தைப் பெட்டியிலே போட்டுப் பூட்ட விரும்பாத பிராங்க்ளினை.

1706-ஆம் ஆண்டு, சனவரி 17. பாஸ்டன் நகரம். மாட்டுக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி வார்த்தும், சோப்புக் காய்ச்சியும் வயிறு வளர்த்த ஓர் ஏழைத் தொழிலாளியின் குடும்பத்திலே பிறந்தான் பெஞ்சமின். அந்தத் தகப்பனுக்கு மொத்தம் 17 மக்கள்; இவன் பதினைந்தாவது, ஆண் மக்களிலே கடைக்குட்டி. இரண்டே ஆண்டுப் பள்ளிப் படிப்பு. பத்து வயதிலே புத்தகம் போயிற்று. திரி கத்தரிக்கும் கத்தரிக்கோல் வந்தது. கொழுப்பு நாற்றம் பிடிக்கவில்லை பையனுக்கு. கடலுக்கு ஓடிவிடுவானோ என்ற அச்சத்திலே, பன்னிரண்டாம் வயதிலே, அண்ணன் ஜேம்சின் அச்சுக்கூடத்திலே தொழில் பழகச் சேர்த்தார் தகப்பனார்.

அச்சுக்கூடம்! ஈய எழுத்துகளும், மையும், தாளும், கை கறுத்த மனிதர்களும் உறவாடும் அந்த இடம் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகமாக இருந்திருக்கிறது! பிராங்க்ளினுக்கும் அப்படித்தான். புத்தகக் கடைப் பையன்களோடு பழக்கம் பிடித்தான். மாலையிலே இரவல் வாங்கி, விடிய விடியப் படித்து, கடை திறக்குமுன் திருப்பிக் கொடுத்துவிடுவான். அந்த இரவல் புத்தகங்களை நாம் நினைவிலே வைத்துக் கொள்ள வேண்டும். பிற்காலத்திலே அவர் செய்த பல காரியங்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அண்ணன் ஜேம்ஸ் 1721-லே ஓர் ஏடு தொடங்கினார். பதினாறு வயதுத் தம்பிக்கு எழுத ஆசை. எழுதினால் அண்ணன் போடுவாரா? பயிற்சிப் பையனுக்கு ஏது பேனா! ஒரு விதவைப் பெண்மணி எழுதுவது போலப் புனைபெயர் வைத்துக் கொண்டு, கட்டுரை எழுதி, இரவிலே அச்சுக்கூடக் கதவின் கீழே நுழைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். காலையிலே அண்ணனும் அவரது நண்பர்களும் படித்து வியந்தார்கள். 1722-லே அப்படி 14 கட்டுரைகள் வெளிவந்தன. உண்மை தெரிந்தபோது அண்ணனுக்குக் கசந்தது. அடியும் உதையும் முன்பே உண்டு; இப்போது அழுக்காறும் சேர்ந்து கொண்டது. 1723-லே ஓடிப்போனான் தம்பி. பாஸ்டனிலே வேறெந்த அச்சுக்கூடத்திலும் வேலை கிடைக்காதபடி அண்ணன் சொல்லி வைத்திருந்ததால், ஊர் விட்டு ஊர் போய், கையிலே சில்லறையும் கக்கத்திலே ரொட்டியுமாகப் பிலடெல்பியா நகரத்துத் தெருவிலே நின்றான்.

அதற்குப் பிறகு இலண்டன் போனது, அங்கே அச்சுக்கூடங்களிலே உழைத்தது, 1726-லே திரும்பியது எல்லாம் நீண்ட கதை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மேலே போவோம். அந்நாளிலே அமெரிக்காவிலே அச்செழுத்து வார்க்கும் பட்டறையே கிடையாது. எழுத்து தேய்ந்தால் இங்கிலாந்திலிருந்து கப்பலிலே வர வேண்டும். இலண்டனிலே எழுத்து வார்ப்பதை எப்போதோ போகிறபோக்கிலே பார்த்திருந்த நினைவை வைத்துக் கொண்டு, தானே ஓர் அச்சுக்கட்டை செய்து, ஈயத்திலே எழுத்து வார்த்து வேலையை ஓட்டினான் அந்த இளைஞன். கண்ணாலே ஒருமுறை கண்டது, கைத்தொழிலாக மாறிவிட்டது.

இங்கே சற்று நிற்போம். அன்று இலண்டன் பட்டறையிலே அந்த வார்ப்புக்காரர் திரை போட்டு மறைத்துக் கொண்டு வேலை செய்திருந்தால்? நம்மிடையே அப்படிப்பட்டவர்கள் இல்லையா? கடைசல் எந்திரத்திலே நுணுக்கமான அளவு வைக்கும்போது, பழக வந்த பையனை டீ வாங்கி வர அனுப்பிவிடும் மேஸ்திரியை நாம் அறிவோம். முப்பது ஆண்டுகள் உழைத்துக் கற்ற நெளிவு சுளிவுகளை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக் கொண்டு சுடுகாடு போய்ச் சேர்ந்த கைதேர்ந்தவர்களையும் அறிவோம். அவர்களைத் திட்டுவதற்கு நமக்கு மனம் வருவதில்லை. தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், நாளைக்குக் குறைந்த கூலிக்கு அந்தப் பையனையே வைத்துக் கொண்டு தன்னை வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற அச்சம், அனுபவத்திலே பிறந்த அச்சம். அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த அச்சத்திற்குக் கொடுக்கும் விலை என்ன? அதைப் பார்க்க இங்கிலாந்திலே நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

சேம்பர்லன் என்றொரு குடும்பம். பிரெஞ்சு நாட்டிலே மதக் கொடுமைக்கு அஞ்சி 1569-லே இங்கிலாந்துக்கு வந்தவர்கள். பிள்ளைப்பேறு பார்ப்பது தொழில். வயிற்றிலே பிள்ளை சிக்கி, தாயும் சேயும் சாகக் கிடக்கும் நேரத்திலே இவர்களைக் கூப்பிட்டால் பிள்ளை பிறக்கும். எப்படி? ஒருவருக்கும் தெரியாது. அலங்காரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக் கொண்டு வருவார்களாம்; தாயின் கண்ணையே துணியாலே கட்டிவிடுவார்களாம்; உறவினரை எல்லாம் வெளியே அனுப்பிவிடுவார்களாம். பெட்டிக்குள்ளே இருந்தது என்ன? மாயமா? மந்திரமா? இரண்டு கரண்டிகளைப் பிணைத்தது போன்ற ஓர் இடுக்கி! அவ்வளவுதான். அந்த எளிய கருவியை நூறு ஆண்டுகளுக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாக, மூடி வைத்துக் காசாக்கினார்கள். 1730-களிலேதான் அந்தக் கருவியின் விவரம் மருத்துவ நூல்களிலே வெளிப்படையாக வரத் தொடங்கியது. 1813-லே எசெக்ஸ் மாவட்டத்திலே அந்தக் குடும்பம் முன்பு வாழ்ந்த மாளிகையின் மேல்மாடித் தரைப்பலகையைப் பெயர்த்தபோது, அந்தப் பழைய இடுக்கிகள் கிடைத்தன. நூறு ஆண்டுகள்! எத்தனை தாய்மார்கள், எத்தனை சிசுக்கள்! கருவி இருந்தது, கதவு மூடியிருந்தது.

அந்த மூடிய பெட்டியை மனத்திலே வைத்துக் கொண்டு பிலடெல்பியாவுக்குத் திரும்புவோம்.

1727. பிராங்க்ளினுக்கு வயது 21. வெள்ளிக்கிழமை தோறும் மாலையிலே கூடும் ஒரு சிறு மன்றம் அமைத்தார். ஜன்டோ என்று பெயர். யார் யார் உறுப்பினர்? பிரபுக்களா? பேராசிரியர்களா? கண்ணாடி பொருத்தும் தொழிலாளி ஒருவர், செருப்புத் தைக்கப் பழகியவர் ஒருவர், தச்சர் ஒருவர், எழுத்தர், நில அளவையாளர், அச்சுத் தொழிலாளர்! உழைத்துக் களைத்த உடம்போடு வந்து உட்கார்ந்து, படித்ததைச் சொன்னார்கள், தோன்றியதைச் சொன்னார்கள், ஐயத்தைக் கேட்டார்கள். தான் சொல்வதே முடிந்த முடிவு என்று அடித்துப் பேசினால் அபராதம்! நமது மன்றங்களிலே இந்த விதியை வைத்தால் கட்டடமே கட்டிவிடலாம், அவ்வளவு வசூலாகும்.

அந்தப் பேச்சிலிருந்துதான் நூலகம் பிறந்தது. ஒவ்வொருவரிடமும் இருந்த நாலைந்து புத்தகங்களைப் பொதுவிலே வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1731-லே, 50 பேர், ஆளுக்கு 40 ஷில்லிங் முதலிலே, ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் பிறகு, என்று பணம் போட்டு, இலண்டனிலிருந்து புத்தகம் தருவித்தார்கள். பிலடெல்பியா நூலகக் கழகம் என்ற அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. இந்தக் காரியத்திலே பிராங்க்ளின் கற்றுக் கொண்ட ஒரு சூட்சுமம் உண்டு. இது என் திட்டம் என்று சொல்லிக் கொண்டு பணம் கேட்டபோது, அண்டை அயலார் முகம் சுளித்தார்கள். நண்பர்கள் பலர் சேர்ந்து போட்ட திட்டம் என்று சொல்லிக் கொண்டு போனபோது, கை நீட்டினார்கள். கருத்தின் நெற்றியிலே தன் பெயரை ஒட்டிக் கொண்டு அலையாவிட்டால், கருத்து வேகமாக நடக்கிறது! பிறகு தீயணைப்புப் படை, மருத்துவமனை, கல்விக் கழகம் என்று எதைத் தொடங்கினாலும் அந்த முறையையே கடைப்பிடித்தார்.

அடுத்து அடுப்பு. அடுப்பு என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். பனி உறையும் நாடு அது. விறகுக் கணப்பு இல்லாவிட்டால் உயிர் வாழ முடியாது. அந்நாளையக் கணப்பிலே சூட்டிலே பெரும்பகுதி புகைபோக்கி வழியே மேலே போய்விடும். எதிரே உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். ஊர் பெருகப் பெருகக் காடு தொலைவாகிவிட, விறகு விலை ஏறியது. இந்த நிலையிலே 1740-களின் தொடக்கத்திலே, இரும்புத் தகடுகளாலே ஆன ஒரு கணப்பைத் திட்டமிட்டார் பிராங்க்ளின். உள்ளே ஒரு காற்றுப் பெட்டி; புகை அதைச் சுற்றி வளைந்து போகும்போது சூட்டைப் பெட்டியிலே விட்டுவிட்டுப் போகும்; வெப்பமான காற்று அறைக்குள்ளே வரும். ஜன்டோ மன்றத்து நண்பர் ஒருவரிடம் இரும்பு உலை இருந்தது. தகடு வார்க்கும் வேலையை அவருக்கே கொடுத்தார். 1744-லே, அடுப்பு எப்படி அமைகிறது, ஏன் அப்படி அமைக்க வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும் என்பதையெல்லாம் விளக்கி ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

பென்சில்வேனியாவின் ஆளுநர் படித்தார்; மகிழ்ந்தார். இந்த அடுப்பைச் செய்து விற்கும் உரிமை பல ஆண்டுகளுக்கு உமக்கே என்று பேடண்ட் எழுதித் தருகிறேன், வாங்கிக் கொள்ளும் என்றார். மறுத்துவிட்டார் பிராங்க்ளின்! பிறர் கண்டுபிடித்த எத்தனையோ பொருள்களாலே நாம் நன்மை பெறுகிறோம். நாம் கண்டுபிடித்ததைப் பிறருக்குத் தாராளமாகத் தருவதிலே மகிழ்ச்சி அடைய வேண்டாமா என்பது அவர் சொன்ன காரணம். புண்ணியக் கணக்கு அல்ல, கடன் கணக்கு! நாம் உண்ணும் சோற்றுக்கு ஏரைக் கண்டவனுக்கு யார் பேடண்ட் பணம் கட்டினோம்? சக்கரம் கண்டவனுக்கு? நெருப்பு மூட்டியவனுக்கு? அச்சுக்கூடத்திலே பிராங்க்ளின் கோத்த எழுத்திலே ஒன்றையேனும் அவர் கண்டுபிடித்தாரா?

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கக்கூடும்: உழைப்பவனுக்குக் கூலி வேண்டாமா? மூளை உழைப்பும் உழைப்புத்தானே? மூளையைக் கசக்கியவன் பட்டினி கிடக்க, முதலாளி வாரிக் கொண்டு போவது நியாயமா? நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

மழுப்பவே முடியாதபடி நடந்தும் இருக்கிறது. இலண்டனிலே ஓர் இரும்பு வியாபாரி, பிராங்க்ளினின் சிறு நூலைப் படித்து, அடுப்பிலே சில்லறை மாற்றம் செய்து (அந்த மாற்றத்தாலே அடுப்பு கெட்டதே தவிரச் சிறக்கவில்லை), தன் பெயரிலே பேடண்ட் வாங்கிக் கொஞ்சம் சொத்தும் சேர்த்துவிட்டார். ஊரார் சொத்திலே வேலி போட்ட கதை! பிராங்க்ளின் என்ன செய்தார்? வழக்குப் போடவில்லை; வாதாடவும் இல்லை. அவருடைய வேறு சில கண்டுபிடிப்புகளையும் பிறர் தம் பெயரிலே பதிந்து கொண்டார்கள். அதற்கும் அவர் வழக்காடவில்லை. நம்முடைய கருத்தைச் சொல்வதானால், அந்த இலண்டன்காரரை அவ்வளவு எளிதாக விட்டிருக்கக் கூடாது. கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்ததற்கு வேலி போட வருபவனைத் தடுக்கவும் வேண்டும். ஆனால் பிராங்க்ளினின் கண் வேறெங்கோ இருந்தது. அவர் பட்டினி கிடந்தவரும் அல்லர். அச்சுத் தொழிலிலே நேர்மையாகச் சம்பாதித்தார். ஏடு விற்றார், பஞ்சாங்கம் விற்றார். 1748-லே 42 வயதிலே, மேற்பார்வை பார்த்து வந்த தொழிலாளியையே கூட்டாளியாக்கிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, வருவாயிலே பங்கு பெற்றுக் கொண்டு ஒதுங்கினார். உழைப்புக்கு விலை வாங்கினார். கருத்துக்குக் கதவு போடவில்லை. கூலி கேட்பது வேறு, மற்றவன் கையைக் கட்டுவது வேறு.

அந்த அடுப்பிலே குறை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். புகை கீழ்நோக்கி இறங்கி வளைந்து போக வேண்டும் என்ற அமைப்பு எல்லா வீட்டிலும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. வழி திறந்திருந்ததாலே பின்னாலே வந்தவர்கள் திருத்தினார்கள். டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற அறிஞர் புகைக் குழாயை மாற்றி அமைத்தார். பூட்டியிருந்தால் குறையும் உள்ளேயே பூட்டியிருக்கும்.

இப்போது மின்னலுக்கு வருவோம். இலண்டனிலிருந்து காலின்சன் என்ற நண்பர் ஒரு கண்ணாடிக் குழாய் அனுப்பினார். துணியால் தேய்த்தால் பொறி பறக்கும் குழாய். விளையாட்டுப் பொருள்! பிராங்க்ளின் அதோடு விளையாடவில்லை, வினாத் தொடுத்தார். அதே மாதிரிக் குழாய்களை உள்ளூர்க் கண்ணாடித் தொழிலாளரிடம் செய்யச் சொல்லி நண்பர்களுக்குக் கொடுத்தார். பலரும் சோதனை செய்தார்கள். கண்டதை எல்லாம் காலின்சனுக்கு மடலாக எழுதினார். அந்த மடல்கள் 1751-லே இலண்டனிலே நூலாயின. அதிலேதான் அந்தத் துணிச்சலான எண்ணம்: மின்னலும் இந்தப் பொறியும் ஒன்றே; ஐயமிருந்தால், உயரமான இடத்திலே கூர்மையான இரும்புக் கம்பி நட்டுச் சோதித்துப் பாருங்கள் என்று, சோதிக்கும் முறையையும் விளக்கியிருந்தார். தாம் செய்து பார்க்குமுன்பே அச்சிலே போட்டுவிட்டார், தோழர்களே! கைக்காரராக இருந்தால் என்ன செய்வார்? வாயை மூடிக் கொண்டு முதலிலே தான் செய்து, புகழைப் பெற்றுக் கொண்ட பிறகல்லவா வாயைத் திறப்பார்!

நூல் பிரெஞ்சு நாட்டுக்குப் போயிற்று. டாலிபார் என்பவர் மொழிபெயர்த்தார். பாரிஸ் அருகே மார்லி என்ற சிற்றூரிலே 40 அடி உயர இரும்புக் கம்பி நட்டு, அடியிலே மது பாட்டில்களைக் கால்களாக வைத்தார். மின்சாரம் மண்ணுக்குள் ஓடாமல் தடுக்கக் கண்ணாடி வேண்டுமல்லவா? 1752 மே 10. இடி முழங்கியபோது டாலிபார் ஊரிலே இல்லை. காவலுக்கு இருந்தவர் ஒரு பழைய குதிரைப்படை வீரர். அஞ்சவில்லை அவர். சொல்லிக் கொடுத்தபடி கம்பியருகே கருவியை நீட்டினார், பொறி பறந்தது! ஊர்ப் பாதிரியாரும் ஓடி வந்து, தாமே பொறியை இழுத்துப் பார்த்தார். மின்னல் என்பது மின்சாரமே என்று உலகுக்கு முதன்முதலிலே மெய்ப்பித்தது பிராங்க்ளினின் கை அல்ல. எங்கோ இருந்த ஓர் ஓய்வுபெற்ற சிப்பாயின் கை. பிராங்க்ளின் பட்டம் விட்டது அதற்கு அடுத்த திங்கள். மார்லிச் செய்தி கடல் கடந்து அவரை எட்டுமுன்.

இதிலே அவருக்கு இழப்பா? இலண்டன் அறிவியல் கழகம் 1753-லே பொற்பதக்கம் அளித்தது. அதைவிட முக்கியம், அதே 1753-ஆம் ஆண்டுக்கான தமது பஞ்சாங்கத்திலே அவர் செய்த காரியம். நாள் பார்க்கவும், நிலவு பார்க்கவும், உழவன் வீட்டு ஆணியிலே தொங்கும் அந்த மலிவு விலைப் பஞ்சாங்கத்திலே, வீட்டுக்கு இடிதாங்கி அமைப்பது எப்படி என்று எழுதினார். கம்பி எவ்வளவு நீளம், மண்ணிலே எவ்வளவு ஆழம், கூரைக்கு மேலே எவ்வளவு உயரம், எல்லாம். ஒரு கொல்லன் படித்தால் போதும், செய்துவிடலாம்.

எதிர்ப்பு வராமலா இருக்கும்! இடி என்பது ஆண்டவன் கோபம்; அதைத் தடுக்கக் கம்பி நடுவது ஆணவம் என்றார்கள் சிலர். 1755-லே பாஸ்டனிலே நிலம் நடுங்கியபோது, கம்பிகள் வானத்து மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கியதுதான் காரணமோ என்று எழுதினார் ஒரு பாதிரியார். ஐரோப்பாவிலே வேறொரு வழக்கம். இடி இடித்தால் கோயில் மணியை அடிப்பது. மணியோசை கேட்டு இடி விலகும் என்ற நம்பிக்கை. ஊரிலே உயரமான இடம் கோபுரம். கோபுரத்திலே உலோக மணி. மணியிலே ஈரக் கயிறு. கயிற்றைப் பிடித்தபடி ஓர் ஏழை! 1784-லே மியூனிச் நகரிலே வெளிவந்த ஒரு நூல் கணக்குச் சொல்கிறது: 33 ஆண்டுகளிலே இடி தாக்கிய கோபுரங்கள் 386; மாண்ட மணியடிப்போர் 103. இத்தாலியிலே பிரெசியா நகரத்துக் கோயில் ஒன்றின் நிலவறையிலே வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். 1769-லே இடி விழுந்தது. ஊரின் ஒரு பகுதியே தகர்ந்து, ஏராளமானோர் மாண்டனர். பாஞ்சாலக் கதை அல்ல, பகுத்தறிவை வாசலிலே நிற்க வைத்ததற்கு மக்கள் கொடுத்த விலை. இடிதாங்கி பற்றி அச்சிலே வந்து அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நொல்லே என்ற பிரெஞ்சு அறிஞர் பிராங்க்ளினைத் தாக்கி மடல் மடலாக எழுதி வெளியிட்டார். பதில் எழுத நினைத்த பிராங்க்ளின், பிறகு பேனாவை வைத்துவிட்டார். சோதனைகளைத்தான் விளக்கமாக எழுதிவிட்டேனே, ஐயமுள்ளவர் செய்து பார்க்கட்டும். சரியென்றால் நிலைக்கட்டும், தவறென்றால் சாகட்டும் என்ற எண்ணம். எழுதுகோல் பிடித்துச் சண்டைக்குப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கடினமான பாடந்தான்.

வெற்றியை வெளியே சொல்வது எளிது. வேதனையைச் சொல்வது? பிராங்க்ளின் அதையும் செய்தார். பாஸ்டனிலே 1721-லே பெரியம்மை பரவியபோது, அம்மைப் பாலைக் கீறி உடம்பிலே ஏற்றிக் காக்கும் முறையைச் சிலர் கையாண்டார்கள். அந்த முறையைப் பாதிரியார் மேதருக்குச் சொன்னவர் ஒனெசிமஸ், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வரப்பட்ட ஓர் அடிமை! தன்னை அடிமையாக்கிய ஊருக்கு உயிர் காக்கும் அறிவைக் கொடுத்தான் அந்தக் கறுப்பு மனிதன். அதை எதிர்த்து எழுதியது எது தெரியுமா? பிராங்க்ளின் எழுத்துக் கோத்த அண்ணனின் ஏடு! பாதிரியார் அறிவின் பக்கம், பத்திரிகை எதிர்ப்பக்கம். காலம் அப்படியும் கோலம் போடும்.

1736-லே, பிலடெல்பியாவிலே, பிராங்க்ளினின் நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையிலே இறந்தான். அம்மை குத்தியதாலே செத்தான் என்று ஊரிலே வதந்தி. பிராங்க்ளின் தம் ஏட்டிலே அறிவிப்பு வெளியிட்டார்: மகனுக்கு அம்மை குத்தவே இல்லை, இயற்கையாக வந்த நோயிலே இறந்தான். அம்மை குத்துவது நல்லது என்றே தாம் கருதுவதாகவும், பையன் உடம்பு தேறட்டும் என்று காத்திருந்ததாகவும் எழுதினார். மகனைப் புதைத்த தகப்பன், தான் தாமதித்ததை ஊரறிய அச்சிலே போடுகிறான்! எதற்காக? இன்னொரு வீட்டுப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்பதற்காக. 1759-லே இலண்டனிலே ஹெபர்டன் என்ற மருத்துவரைத் தூண்டி, அம்மை குத்தும் முறையை எவரும் அறியும்படி ஒரு சிறு நூல் எழுதச் செய்து, தாமே முன்னுரை எழுதி, அமெரிக்காவிலே இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தார்.

கொடுப்பதிலே மட்டுமல்ல, பெறுவதிலும் அவருக்கு நாணமில்லை. இங்கிலாந்திலிருந்து போகும் அஞ்சல் கப்பல்கள், சாதாரண வணிகக் கப்பல்களைவிட இரண்டு கிழமை தாமதமாகப் போய்ச் சேர்கின்றன, ஏன் என்ற கேள்வி எழுந்தது. அஞ்சல் துறைப் பொறுப்பிலே இருந்த பிராங்க்ளின், திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவரான தம் உறவினர் திமோதி ஃபோல்ஜரைக் கேட்டார். அவர் சிரித்தார். கடலுக்குள்ளே ஓர் ஆறு ஓடுகிறது. அஞ்சல் கப்பல்கள் அதை எதிர்த்து மல்லுக்கட்டுகின்றன. திமிங்கிலம் தேடும் எங்களுக்கு அதன் கரை தெரியும். சொல்லியும் பார்த்தோம், மீன் பிடிக்கிறவன் பேச்சை அந்தத் துரைமார்கள் கேட்பார்களா என்றார். அந்த நீரோட்டத்தை ஃபோல்ஜர் வரைந்து காட்ட, பிராங்க்ளின் 1769-ஐ ஒட்டி இலண்டனிலே அதை அச்சிட்டு அஞ்சல் கப்பல்களுக்கு அனுப்பினார். துரைமார்கள் அதையும் ஒதுக்கினார்கள்! அவர் விடவில்லை. கடற்பயணங்களிலே வெப்பமானியைக் கயிற்றிலே கட்டித் தண்ணீரிலே இறக்கி அளந்தார். 1786-லே, வரைபடத்தோடு எல்லாவற்றையும் அறிவுக் கழகத்து ஏட்டிலே வெளியிட்டபோது, இதைச் சொன்னவர் ஃபோல்ஜர் என்று பெயர் சொல்லியே எழுதினார். தம் அடுப்பிலே பெயர் தேடாதவர், மீனவரின் அறிவிலே மீனவரின் பெயரை அழிக்கவில்லை.

குறையற்ற மனிதரா? இல்லை. அவர் வீட்டிலே அடிமைகள் இருந்தார்கள். அவருடைய ஏட்டிலே அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. காசு வாங்கிக் கொண்டுதான் போட்டார். அறிவுக்குப் பூட்டுப் போடாதவர், மனிதனுக்குப் போட்ட பூட்டைப் பல ஆண்டுகள் பார்த்துக் கொண்டிருந்தார். இதை மறைத்துவிட்டு அவருக்கு மாலை போட நாம் தயாராக இல்லை. முதுமையிலே திருந்தினார். 1787-லே அடிமை ஒழிப்புக் கழகத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியிலே, சாவதற்கு இரண்டு திங்கள் முன்பு, அடிமை முறையை ஒழிக்கக் கோரி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குச் சென்ற விண்ணப்பத்திலே கையெழுத்திட்டார்.

1779-லே ஒரு நிகழ்ச்சி. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போர். பிராங்க்ளின் பாரிசிலே தூதர். ஆங்கிலேயரான குக், கடல் வழிகளையும் கரைகளையும் ஆராயப் புறப்பட்ட கப்பல்கள் திரும்பும் காலம். எதிரி நாட்டுக் கப்பல், பிடித்தால் கொள்ளைதான். மார்ச் 10 அன்று பிராங்க்ளின் அமெரிக்கப் போர்க்கப்பல் தலைவர்களுக்கு எழுதினார்: அந்தக் கப்பல்களை எதிரியாகக் கருதாதீர்கள், சூறையாடாதீர்கள், வேண்டிய உதவி செய்து அனுப்புங்கள், அவர்கள் கொண்டு வருவது மனித குலம் முழுமைக்கும் பயன்படும் அறிவு. குக் அதற்கு முந்திய திங்களே ஹவாய்த் தீவிலே கொல்லப்பட்டுவிட்டார். அந்தச் செய்தி ஐரோப்பாவை எட்டியிருக்கவில்லை. போர் நடக்கும் நேரத்திலே எதிரியின் அறிவுக்கு வழி விடுகிற மனம் எத்தனை பேருக்கு வரும்?

1790 ஏப்ரல் 17. 84-ஆம் வயதிலே, பிலடெல்பியாவிலே கண் மூடினார். அடக்கத்துக்குச் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். உயிலிலே பாஸ்டனுக்கு 1,000 பவுன், பிலடெல்பியாவுக்கு 1,000 பவுன் வைத்திருந்தார். யாருக்கு? தொழில் பழகி முடித்து, திருமணமாகி, சொந்தமாகப் பட்டறை வைக்க முனையும் 25 வயதுக்கு உட்பட்ட இளந் தொழிலாளிகளுக்குக் குறைந்த வட்டியிலே கடன் கொடுக்க. தாம் தொழில் தொடங்கியபோது இரண்டு நண்பர்கள் கடன் கொடுத்து உதவினார்களாம். அதை நினைத்து எழுதிய ஏற்பாடு. 200 ஆண்டுகள் இந்தப் பணம் சுழல வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தார். சுழன்றது. 1990-லே கணக்கு முடித்தபோது, பாஸ்டன் பங்கு மட்டும் சுமார் 50 லட்சம் டாலராக வளர்ந்திருந்தது. அதற்கு முன்பே, 1908-லே, அந்தப் பணத்திலே ஒரு பகுதியைக் கொண்டு பாஸ்டனிலே ஒரு தொழிற்பள்ளி எழுப்பியிருந்தார்கள். மெழுகுவத்திக்காரர் மகன் பிறந்த ஊரிலே, மின்சார வேலையும் எந்திர வேலையும் அங்கே கற்றுக் கொடுக்கிறார்கள்.